ஊற்றாமல் நிற்பது

கோத்தகிரியிலிருந்து கூரியரில் வந்தது,
ஈரச் செய்தித்தாளில் சுற்றிய மூன்று வேர்க்கட்டை.
கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான்.
பணம் கட்டியவள் உலகம்மாள்.
பெட்டிமேல் நீலப் பேனாவில் எழுதியிருந்தது:
தீப்பந்த லில்லி.

ஸ்டேஷனில் சொன்னதும்
தீயணைப்பு வண்டி டிரைவர் அருமைராஜ் சிரித்து உருண்டான்:
"ராத்திரியெல்லாம் அணைச்சிட்டு
வீட்டுல போய் நட்டு வளக்கியாலே?"

எங்கள் வீட்டு மண் கரிசல்.
தண்ணீர் நின்றால் நின்றதுதான்.
எம்-சாண்ட் அரை மூட்டை, செங்கல் தூள்,
மக்கிய எரு இரண்டு சட்டி கலந்து
சுவரோரம் மேடு கட்டினாள்,
பூனையைப் புதைத்த இடம் மாதிரி.
காலை வெயில் வேண்டும், சாய்ந்த வெயில் ஆகாது.
ஆகவே முருங்கைக்குக் கிழக்கே.
அந்த நிழலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க
மணிக்கொரு தடவை சாக்பீஸால் கோடு போட்டு
அளந்துவிட்டுத்தான் நட்டாள்.

முதல் கட்டை கத்திரி வெயிலில் வெந்தது.
இரண்டாவதை, முருங்கைக்காய் பறிக்க வந்த அவள் தம்பி
கோரை என்று பிடுங்கி மதிலுக்கு வெளியே எறிந்தான்.
நல்ல பிள்ளை, களையைக் கண்டால் விடமாட்டான்.
மூன்றாவது
புல் மாதிரியே இருந்தது, ஒரு வருஷம், அதற்கு மேலும்.

அந்த மார்கழியில் ஆறு தெருவுக்கு வந்தது.
மூன்று நாள் நான் ரப்பர் படகில்.
மொட்டை மாடிகளிலிருந்து ஆட்களை இறக்கினோம்,
ஒரு தையல் மெஷினை,
பேசாமல் போய்விட்ட ஒரு கிளியை.
வீடு திரும்பினால்
அவள் நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு
மேட்டைச் சுற்றிக் கையால் வாய்க்கால் தோண்டுகிறாள்.
முதலில் கேட்டது:
"மம்பட்டிய எங்க வச்சிய?"

மாசியில் ஒரு விடியல்.
டியூட்டி முடிந்து வந்து பைக்கை நிறுத்துகிறேன்.
ஒரு தண்டு. இடுப்பு உயரம்.
நுனி சிவப்பு, இறங்க இறங்க ஆரஞ்சு,
அடியில் மஞ்சள்.

கீழிருந்துதான் பூக்குமாம்.
பூத்தது மஞ்சளாகும், பூக்காதது சிவந்திருக்கும்.
நெருப்பில் மஞ்சளுக்குத்தான் சூடு அதிகம்,
சிவப்பு கொஞ்சம் ஆறினது.
டிரெய்னிங்கில் படித்தது.
உதவியதில்லை.

மூலைக்கரைப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பனங்காடு.
ஆடிக்காற்று.
அடியில் புல், நடுவே கருத்த நெடுமரம்,
உச்சியில் மட்டும் தீ.
நாற்பத்தோரு பனை.
எண்ணினேன். எண்ண நேரமிருந்தது,
வண்டியில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்ததால்.
அடுத்த கிணறு நாலு கிலோமீட்டர், அதுவும் சகதி.
சொட்டுகிற குழாயைப் பிடித்தபடி
ஐந்து பேர் நின்றோம்.
மரங்களுக்குச் சொந்தக்காரி, முத்துக்கனி,
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
குடிசைக்குள் போய்
ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து
"குடிங்க" என்றாள்.
குடித்தோம்.

உலகம்மாளிடம் இதை நான் சொன்னதில்லை.

வாளியை எப்போது நிரப்பினேன், தெரியாது.
கை அதுவாகச் செய்திருக்கிறது.
ஒரு தேன்சிட்டு வந்து தண்டில் தலைகீழாகத் தொங்கி
மஞ்சளுக்குள் மூக்கை விட்டது.
அதற்குச் சுடவில்லை.
நான் வாளியைச் சாய்க்கப் போனேன்.

"ஊத்தாதிய."
வாசலில் அவள், பாதித் தூக்கத்தில்.
"வேரு அழுகிரும்.
செத்த நேரம் சும்மா நில்லுங்களேன்."

நின்றேன்.
சட்டையில் புகை நாற்றம்,
ராத்திரி டவுனில் ஒரு மெத்தைக் கடை.
கையில் விளிம்பு வரை தண்ணீர்.
அது அலம்பி அடங்க நேரமாயிற்று.
சிட்டு மூன்று பூ தள்ளிப் போயிருந்தது.

அப்புறம் கொண்டுபோய்
வாழை மூட்டில் ஊற்றினேன்.
அது எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும்.