அரை சென்டி வரை மன்னிப்பு உண்டு

அங்கேரிபாளையம் ரோட்டில் இரண்டாம் மாடி.
கீழே ஓவர்லாக் ஓட ஓட
தரை லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும் அறையில்
கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிறேன்,
பதினோரு வருசமாக.

ஹாம்பர்க்கில் ஆறு வயசுப் பையனுக்குக்
கை எத்தனை நீளம்?
தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள், சொல்வேன்.
டென்மார்க் பெண்ணுக்கு முழங்கை எங்கே மடங்கும்,
மீடியம் லார்ஜ் ஆனால் தோள் எத்தனை ஏறும்,
அத்தனையும் என் மவுஸ் நுனியில்.
அரை சென்டி வரை மன்னிப்பு உண்டு.
தாண்டினால் சரக்கு கப்பல் ஏறாது.

மாசியில் ஆரம்பித்தது.
கட்டைவிரல் அடியில் ஒரு சுருக்கு.
அப்புறம் ஸ்கூட்டியின் ஆக்சிலேட்டர் கனத்தது.
அப்புறம் தோசைக்கல்.
ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால்
மூன்று விரல்கள் யாருடையவோ மாதிரி
தலையணைமேல் மரத்துக் கிடந்தன.

அக்கவுண்ட்ஸ் சென்னியப்பண்ணன்
தன் மணிக்கட்டைக் காட்டினார்:
கறுப்பு, சிவப்பு, காசிக்கயிறு.
"எனக்கும் இருந்துச்சு அம்மிணி,
கட்டிக்கோ, போயிரும்."
போயிருச்சா என்றேன்.
தைலம் தேய்க்கப் போய்விட்டார்.

ஆடிட்டுக்கு வந்தவர்கள்
தீயணைப்பானை எண்ணினார்கள்,
கக்கூஸ் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார்கள்,
தையல் பெண்களின் ஸ்டூலுக்கு முதுகு உண்டா என்றார்கள்.
என் அறைக்கு வந்து
'ஏ.சி. உள்ளது' என்று எழுதிக்கொண்டு
இறங்கிப் போனார்கள்.

கடைசியில் பிசியோவிடம் போனேன்.
மிருதுளா, கோபிக்காரப் பெண்.
கையைத் திருப்பிப் பார்க்கும் முன்பே கேட்டாள்:
"உங்க மேஜை எத்தனை உயரமுங்க?"

அட.
தெரியவில்லை எனக்கு.

மறுநாள் ஆள் வருமுன் போய்
கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றி
முதல்முறை என்மேல் வைத்தேன்.
உட்கார்ந்தால் தரையிலிருந்து முழங்கை: அறுபத்து நாலு.
மேஜை: எழுபத்து ஒன்பது.
அது கட்டிங் மாஸ்டர் நின்று வெட்ட அடித்த பலகை;
காலைக் கொஞ்சம் அறுத்து எனக்குத் தந்திருந்தார்கள்.
நாற்காலியோ
மூடிப்போன டையிங் ஆபீசில் மொதலாளி லாட்டில் எடுத்தது,
ஏற்றும் கைப்பிடி எனக்கு முன்பே செத்திருந்தது.
பதினைந்து சென்டி.
இந்த அளவில் ஒரு சட்டை அனுப்பியிருந்தால்
கன்டெய்னரே திரும்பி வந்திருக்கும்.

ரிஜெக்ட் ஆன டீசர்ட்டுகளை இறுக்கி மடித்து
அடியில் போட்டேன்: ஆறு சென்டி.
மீதி ஒன்பதை
பேக்கிங் செக்சன் ஆசாரி ரம்பத்தால் எடுத்தார்.
கால் அந்தரத்தில் ஆடியது.
காலி அட்டைப்பெட்டிகளை நசுக்கிக் கட்டி
மேலே பாதம் வைத்தேன்.
பழைய காட்டலாக் நாலின்மேல் திரையை ஏற்ற
கழுத்து தன் இடத்துக்கு வந்தது.
ஒரு வாரம் இடது கையில் மவுஸ்;
அம்புக்குறி முதல் நாள் பள்ளிக்குப் போன பிள்ளை மாதிரி
எங்கெங்கோ ஓடியது.

கீழே ஊசி ஒடிந்தால்
துண்டு தேடி ஒட்டி, கையெழுத்துப் போட
ஒரு ரிஜிஸ்டர் உண்டு.
அதில் மிஞ்சிய நோட்டு ஒன்றை வாங்கி வந்து
கை நின்ற நேரம் என்று தலைப்புப் போட்டேன்.
9.40, ஐந்து நிமிசம். 10.25.
அர்ஜென்ட் ஸ்டைல் வந்த நாளில் பக்கம் வெறுமை.
அந்த ராத்திரி விரல்கள்
கணக்குக் கேட்டன.

மொதலாளி வந்து
மேஜைக் காலடியில் மரத்தூளைப் பார்த்தார்.
"என்னம்மிணி இது?"
"டாலரன்ஸ் தாண்டிருச்சுங்க."
ஒன்றும் பேசவில்லை.
பொழுதோடு சென்னியப்பண்ணன் வந்தார்,
டேப்பை ஒரு நிமிசம் தரச் சொல்லி.

கட்டைவிரல் வந்துவிட்டது.
ஆள்காட்டி விரல் முக்கால்வாசி.
நடுவிரல் இன்னும் வரவில்லை.
வரட்டும்.
அதற்கு மட்டும்
ஷிப்மென்ட் தேதி போடவில்லை நான்.