கோப்பில் ஒரு வரி

முதல் நாள் டாக்டர் ஒயார்சோ
இருபது நிமிடம் பேசினார்.
ஒரு சொல்தான் காதில் விழுந்தது,
மிச்சமெல்லாம் வால்டிவியா மழை.
மறுநாள் அவரே போன் செய்தார்:
"நேற்று சொன்னது எதுவும் உங்களிடம் வந்து சேர்ந்திருக்காது.
தம்பியை அழைத்து வாருங்கள்,
முதலிலிருந்து சொல்கிறேன்."

ஆற்றங்கரைச் சந்தையில் மீன் விற்பவள் நான்.
முகர்ந்தே விலை சொல்வேன்.
மூன்றாவது ஊசியோடு மூக்கு செத்துப்போனது;
சியர்ரா மீனும் சோப்புக்கட்டியும் ஒன்று.
முடி போனதற்கு ஊரே துக்கம் கேட்டது.
இதை அவர் மட்டும் கேட்டார்.
வெள்ளையணு எண்ணிக்கைக்குக் கீழே எழுதிக்கொண்டார்:
வாசனை - இல்லை.
ஒவ்வொரு முறையும் அந்த வரி.
இல்லை. இல்லை. துருப்பிடித்த ஆணி. இல்லை.

சிகிச்சை முடிந்தது, கேக் வெட்டினார்கள்.
அன்றிரவுதான் பயந்தேன்,
பல்லோடு பல் அடித்துக்கொள்ள.
இனி யார் என்மேல் ஒரு கண் வைத்திருப்பார்கள்?
சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.
"நிறையப் பேர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள்" என்று
மாதம் ஒரு புதன்கிழமை குறித்துக் கொடுத்தார்,
ரிப்போர்ட் எதுவும் இல்லாமல் வர.

ஆகஸ்டில் ஒரு காலை
மீன்தலைக்காக மேடையில் தொற்றிய கடல்சிங்கம்
என் முகத்தருகே கொட்டாவி விட்டது.
என்ன நாற்றம்! ஒரு வாரத்து அழுகல்!
கத்தியைப் போட்டுவிட்டு அழுதேன்.
கடித்துவிட்டதென்று பக்கத்துக் கடை நெரேயா
துடைப்பத்தோடு ஓடிவந்தாள்.

அந்தப் புதன்கிழமை வரியை அவர் எழுதவில்லை;
பேனாவை என் பக்கம் தள்ளினார்.

அடுத்த மாதம் ஸ்கேன்.
பயம்தான், இன்னும்.