பலகை இல்லாத தண்ணீர்

பீல் நகரத்தில் எல்லாத் தெருவுக்கும் இரண்டு பெயர்.
ஜெர்மன் மேலே, பிரெஞ்சு கீழே.
எங்கள் கூட்டமும் அப்படித்தான்:
ஒருவர் ஒன்றில் கேட்பார்,
மற்றவர் மற்றதில் பதில் சொல்வார்.
"இதற்கு எந்த மேலாளரை வைத்தோம்?"
என்றாள் சில்வியான்.
"நூறு வருஷமாக ஒரே பேக்கரியில் நின்றவர்களுக்கு
அது போதும்" என்றார் எக்கர்ட், பொருளாளர்.

அறையில் இருபத்திரண்டு பேர். திரையில் இன்னும் எட்டு முகம்.
யாருக்கும் சம்பளமில்லை.
குடிநீர் கிடைக்கும் இடங்களை
வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குத்திவைப்பது எங்கள் பைத்தியம்.
இந்த ஊரின் கல்தொட்டிகளில் தொடங்கி
மலையேறி, எல்லை தாண்டி,
ஒருநாள் "உலகம்" என்று பெயர் மாற்றினோம்.
உலகம் வரவில்லை.
நூறு புள்ளிக்கு எண்பத்தொன்று
இங்கும் பக்கத்து மூன்று நாட்டிலும், என்று கணக்கு வாசித்தார்கள்.
ஆகவே தீர்மானம்:
வெளிநாட்டவரை வரவழைக்க ஒரு மேலாளர்,
எண்பது வீத வேலை, மாதச் சம்பளம்.

"சம்பளமில்லாதவனுக்கு மேலே மேலாளரா?
பிறகு அவன் தொண்டன் இல்லை, ஏமாளி"
என்றார் ருவேடி.
சிரித்தோம். நானும்தான்.

சிரித்து முடிக்கையில் டெல்ஃபினா நினைவுக்கு வந்தாள்.

நம்புலாவுக்கு அப்பால் ஒரு கைப்பம்பு.
ஒரே ஒரு புள்ளி வைத்தாள்.
ருவேடி அதை அழித்தார். கோபத்தில் இல்லை,
விதி ஏழு: குடிநீர் என்று பலகை வேண்டும்.
படத்தில் பலகை இல்லை.
அவள் எழுதினாள்:
"பலகை இல்லை. வரிசை இருக்கிறது.
காலை நாலு மணிக்கு வந்து பாருங்கள்."

ஒன்பது நாள் யாரும் பதில் போடவில்லை.
முப்பத்தேழு பேர் வாசித்ததாக
ஓரத்தில் எண் காட்டியது.
அதில் ஒன்று நான்.
கடிகார மூடிகளை மெருகேற்றிவிட்டு
கறுத்த விரலோடு ரயிலில் வாசித்தேன்,
யாராவது சொல்வார்கள் என்று போனை மூடினேன்.

யாராவது என்பவர்தான்
எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர்.
சந்தா கட்டியதில்லை, கூட்டத்துக்கு வந்ததில்லை,
எல்லா வேலையும் அவர் தலையில்.

பத்தாம் நாள் அவள் கணக்கை மூடியிருந்தாள்.

எழுந்து பேசினேன்.
வினைச்சொல் கடைசியில் வரும்;
அதில் மட்டும் ஜெர்மன் எனக்குச் சொந்தக்காரன்.
மேலாளர் வேண்டுமா தெரியாது, என்றேன்.
தட்டினால் திறக்க ஓர் ஆள் வேண்டும்.
இந்தக் கிழமை யார் என்று கேட்டால்
கை தூக்குகிற ஆள்.

"அந்தப் பம்பா?" என்றார் ருவேடி.
"அழித்தது நான்தான்."
பேனாவுக்கு மூடி போட்டார். கழற்றினார். மறுபடி போட்டார்.

முறை வைப்போம், கிழமைக்கு ஒருவர், என்றாள் சில்வியான்.
முறைக்காரருக்குக் காய்ச்சல் வந்தால்?
குழந்தை பிறந்தால்? சலித்தால்?
"சம்பளம் கொடுத்தால்
சலிப்பும் மறுநாள் எழுந்து வேலைக்கு வரும்"
என்றார் எக்கர்ட்.
அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.
இன்னும் இல்லை.

வாக்கு: பதினொன்றுக்குப் பதினொன்று.
திரையிலிருந்த எட்டுப் பேருக்கும்
சங்க விதிப்படி வாக்கில்லை.
அதில் ஒருவர் கை தூக்கியபடியே உறைந்திருந்தார்,
இணைப்புக் கெட்டதா, பிடிவாதமா தெரியவில்லை.
அடுத்த கூட்டம் செப்டெம்பரில்.

பக்கத்து மேசை லுர்தெஸிடம்
போர்த்துக்கீசத்தில் மன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொண்டேன்.
மூடிய கணக்குக்குக் கடிதம் போகுமா?
போகாது, என்றார் ருவேடி,
ஆனாலும் எழுதச் சொன்னார்.
கோடையில் அங்கும் இங்கும் ஒரே மணி என்றும் சொன்னார்.

நாலுக்கு விழித்துவிட்டேன்.
சமையலறைக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்தேன்.
முன்னால் யாரும் இல்லை.
பின்னால் யாரும் இல்லை.
விதி ஏழை மீறி
அவள் புள்ளியை இருந்த இடத்தில் வைத்தேன்.
வைத்தவர் பெயர் கேட்டது.
அவள் பெயரை எழுதினேன், பிறகு அழித்தேன்:
அதற்கும் அவளைத்தானே கேட்க வேண்டும்.