தாமதத்துக்கு எங்கள் வீட்டுப் பெயர்

பள்ளி விடுமுறையின் இரண்டாம் சனிக்கிழமை.
பினாங்குப் பாலத்தில் ஏறியதுமே
ரித்தேஷுக்கு வாந்தி.
பிளாஸ்டிக் பையைப் பிடித்தபடி
கடலைப் பார்க்காமலே
கடலைக் கடந்தேன்.

பத்து மாவுங் மலையடியில் டிக்கெட் வரிசை.
அடையாள அட்டை காட்டினால் விலை குறைவாம்.
கொழுந்தன் தியாகு அட்டையை மறந்திருந்தார்.
"என் மூஞ்சியப் பாத்தா தெரியலயா?"
கவுண்டர்ப் பெண் நன்றாகச் சிரித்துவிட்டு
முழுக் காசையும் வாங்கிக்கொண்டாள்.

பீரங்கி மேடையில் பீரங்கி இல்லை.
வட்டமாய் ஒரு சிமெண்டுக் குழி,
நேற்றைய மழை, கொஞ்சம் தலைப்பிரட்டைகள்.
வெள்ளைக்காரன் கடலைப் பார்த்தே காத்திருந்தானாம்.
வந்தவன் காட்டு வழியே
சைக்கிள் மிதித்து வந்தானாம்.
"வாசலுக்குப் பூட்டு, கொல்லை தொறந்து கெடந்துச்சு"
என்றார் என் கணவர்.
சிப்பாய்கள் படுத்த அறையில்
கொசு மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது.

கடையில் ஹர்ஷிணி
வாழைமரம் அச்சடித்த ஜப்பான்காலத்து நோட்டு வாங்கினாள்.
நகல்தான்.
பத்து டாலர் மூன்று வெள்ளிக்குக் கிடைத்ததென்று
ஒரே குதி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும்.
எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு.
மாவு வாங்கப் போனவன் திரும்ப நேரமானால்
"சயாமுக்குப் போயிட்டியா?"
குளியலறைக் கதவு திறக்காவிட்டால்
"என்னா, சயாமா?"
ரொட்டி சானாய் வரத் தாமதமானால்
கடை மாஸ்டரையும் சயாமுக்கு அனுப்பிவிடுவோம்.
கல்யாணமாகி வந்த புதிதில் நான்
எல்லை தாண்டி மலிவாய்த் துணி வாங்கப் போவதைத்தான்
சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

சுரங்கம்.
முதலில் குனியலாம், பிறகு தவழத்தான் வேண்டும்.
நானும் அவரும் மறுவாசலில் நின்றோம்.
தியாகு வந்தார், சட்டையெல்லாம் செம்மண்.
ஹர்ஷிணி வந்தாள்.
ரித்தேஷைக் காணோம்.

அவர் மண்டியிட்டு, இருட்டுக்குள் தலையை நீட்டி
வழக்கம்போலக் கத்தினார்:
"டேய், சயாமுக்குப் போயிட்டியா?"

மலை அதை வாங்கி வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தது.
கேலியை மட்டும் உள்ளேயே வைத்துக்கொண்டு.

அவர் எழுந்திருக்கவில்லை.
எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கும் தியாகு
செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"வவ்வாலு! வீடியோ எடுத்தேன்!"
என்று பையன் வெளியே வந்தபோது
நெஞ்சோடு இறுக்கிப் பிடித்ததில்
அவன் போன் கீழே விழுந்தது.

மற்றது பாலத்து நெரிசலில் தெரிந்தது,
ஸ்டியரிங்கிடம் சொல்வதுபோல அவர் சொன்னபோது.
மாமனாருக்கு ஓர் அண்ணன் இருந்தாராம்.
வீரப்பெருமாள்.
லயத்துக்கு லாரி வந்த அன்று வயது பத்தொன்பது.
ரயில் பாதை போடும் வேலை,
நாளுக்கு ஒரு டாலர் என்றார்களாம்.
செத்த நாள் தெரியாததால் திதி இல்லை.
படம் இல்லாததால் மாலை இல்லை.
இருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான்.
யாரோ ஒருத்தி அதை
முதல் தடவை சிரிக்காமல் கேட்டிருப்பாள்,
சோற்றை மூடி வைத்துவிட்டு
இருட்டைப் பார்த்து.

பின்சீட்டில் ஹர்ஷிணி
நோட்டை மடித்து விசிறியாக்கிக்கொண்டிருந்தாள்.
விரித்துப் பார்த்தாள்.
"அப்ப இது பத்து நாள் சம்பளமாப்பா?"

முன்னால் லாரி. சிவப்பு விளக்கு.
அவர் கியரை மாற்றினார்.

ராத்திரி ரித்தேஷ்
குளியலறையில் அரை மணி நேரம்.
கதவருகே போய் நின்ற அவர் வாய் திறந்தார்,
மூடினார்.
இரண்டு விரலால் மெல்லத் தட்டி,
"இருக்கியாப்பா?" என்றார்.

"குளிக்கிறேம்பா."

"சரி சரி. மெதுவா வா."