நிலை என்ற நிரல்

பன்னிரண்டு பெட்டி வந்தது கிளிநொச்சிக்கு,
ஸ்கொட்லாந்தில் ஏதோ ஒரு கடற்கரைப் பட்டணத்து
நகரசபை அருங்காட்சியகத்திலிருந்து.
ஒரு மாத இரவல்.
எங்கள் பிரதேச சபைக்கும் மண்டபம் இருக்கிறது.
மின்விசிறி ஐந்து, சுழல்வது மூன்று.

பெட்டிகளோடு ஒரு கடிதம்:
வெப்பம் இருபது பாகையைத் தாண்டக்கூடாது.
செயலாளர் குகநேசன் இரண்டுதரம் வாசித்துவிட்டு
சித்திரை வெயிலை ஜன்னலால் எட்டிப் பார்த்தார்.

பதிவேட்டில் மூன்று நிரல்.
பொருள், எண்ணிக்கை, நிலை.
மீன்வள்ளங்கள், எண்ணெய் வர்ணம். ஒன்று. நன்று.
கம்பளி போர்த்த பெண். ஒன்று. மூக்கில் வெடிப்பு.
வெடிப்பு என்பதை வெட்டிவிட்டுக் கீறல் என்று போட்டேன்.
வெள்ளை வயலைக் கண்ட லொறிக்காரர்
ஆனையிறவோ என்றார்.
உப்பில்லை அண்ணை, பனி.
பனிக்கு ஏன் உவ்வளவு காகம்?
அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

கடைசிப் பெட்டிக்குள் படம் இல்லை.
நாற்பது குச்சி. எல்லா முனையும் சிவப்பு.
தரையில் மணல் பரப்பி
கையேட்டில் காட்டியபடி நடவேண்டும்.
தலைப்பு: நிலம், நான்கு.
பார்வையாளர்கள் குச்சிகளுக்கிடையே
விரும்பியபடி நடக்கலாம்.

ஒருவரும் நடக்கவில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுவரோடு ஒட்டி
ஒற்றை வரிசையில் சுற்றிப் போனார்கள்.
ரீச்சர் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.
மூன்றாம் கிழமை அங்கிருந்து மின்னஞ்சல்:
மக்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள்?
மரியாதையாக, என்று பதில் போட்டார் குகநேசன்.

முகமாலையில் எட்டு வருடம்
முழந்தாளில் வேலை செய்தவள் நான்.
சிவப்பென்றால் இதற்கப்பால் இல்லை.
வெள்ளையென்றால் வரலாம்.
மஞ்சளென்றால் இங்கே ஒன்று கிடந்தது.
நாற்பதிலும் மஞ்சள் ஒன்றுகூட இல்லை.
இதைச் செய்தவர்
இன்னும் எதையும் கண்டெடுக்கவில்லை,
அல்லது தேடவே தொடங்கவில்லை.

குச்சிதான் அவர்களுடையது.
மணல் எங்களுடையது, கல்லாற்று மணல்,
உழவு இயந்திரத்தில் வந்து கொட்டியது.

சனிக்கிழமை கதவைப் பூட்டிவிட்டு
விளிம்பில் குந்தினேன். முகக்கவசம் இல்லை.
விளக்குமாற்று ஈர்க்கொன்றை உருவி
விரற்கடை விரற்கடையாகக் கிளறிப் போனேன்.
நத்தை ஓடு.
பீடித்துண்டு.
நாலு துளையுள்ள சட்டைப் பொத்தான், சின்னது,
நூல் இன்னும் அறாமல்.

ஒரு மீற்றர் அகலம், சுவரிலிருந்து சுவர்வரை.
சபையின் சுண்ணாம்பில் தோய்த்து
நாலு வெள்ளைக் குச்சி நட்டேன்.
பொத்தான் கிடந்த இடத்தில்
மஞ்சள் பூசி ஒன்று.

திங்கள் ஒரு பிள்ளை இறங்கியது.
பிறகு எல்லாம் இறங்கின,
தள்ளுப்பட்டுக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு,
வெள்ளைக்குள் மட்டும்.

திருப்பி அனுப்பும் நாளில் அவசரம்.
லொறி கொழும்புக்கு வெளிக்கிட நிற்கிறது.
எல்லாக் குச்சியையும் ஒன்றாய்க் கட்டிவிட்டார்கள்.
நிலை என்ற நிரலில்
ஒரு மீற்றர் துப்புரவு என்று எழுதினேன்.

இப்போது கடிதம் வந்திருக்கிறது.
நாற்பத்தைந்து பெற்றுக்கொண்டோம், நன்றி.
மேலதிகமானவற்றை என்ன செய்வதென்று
எங்கள் குழு கூடி ஆராய்கிறது.
மஞ்சளுக்கு என்ன பொருள்?

குகநேசன் பேனையை என்னிடம் நீட்டுகிறார்.
பொத்தான்
என் லாச்சிக்குள், முத்திரைகளோடு கிடக்கிறது.
அதை எந்த நிரலிலும் நான் பதியவில்லை.