முள் நின்ற இடம்

பொம்மையின் எடை எழுபத்தைந்து கிலோ.
வயிற்றில் மணல், முழங்காலில் கீல்,
யாரோ நன்கொடையாகத் தந்த நீல மேலுடை.
ஆய்வு மையத்தில் அவனுக்குப் பெயர் வைக்கவில்லை.
பட்டியலில் "உடல் இரண்டு".
உடல் ஒன்று போன வருஷம் இழுத்ததில்
தோள் பிய்ந்து அலமாரியில் கிடக்கிறது.

என் வேலை கயிறு கட்டுவது.
தராசு முள் எங்கே நிற்கிறதோ
அதை எழுதுவது.
முழங்கால் வரை, இடுப்பு வரை, மார்பு வரை,
ஒவ்வொன்றும் பத்து முறை.

சஸ்காட்செவனில் ஜூலைச் சந்தை.
ஒரு பக்கம் பரிசுக் குதிரைகள்,
ஒரு பக்கம் உருளைக்கிழங்கு பொரியும் எண்ணெய்,
நடுவில் டிரெய்லர் மேல் எங்கள் தகரக் குதிர்,
ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி.
உள்ளே கனோலா,
கடுகுக்கு ஒன்றுவிட்ட தங்கை.
அள்ளினால் விரலிடுக்கில் ஓடிவிடுவாள்.
கால் வைத்தவனைத்தான் விடமாட்டாள்.

அடிமதகைத் திறந்தேன்.
ஆறு விநாடியில் முழங்கால்.
கடிகாரத்தைப் பார்த்து நிமிர்வதற்குள் இடுப்பு.
பிள்ளைகள் கைதட்டினார்கள்.
தட்ட வேண்டாம் என்று சொல்ல
எங்களிடம் பலகை இல்லை.

துண்டறிக்கை கொடுத்தேன்:
இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்குங்கள்,
தனியாக இறங்காதீர்கள்.
வாங்கி நான்காய் மடித்து
"தெரியும்பா" என்றார்கள்.
தெரியாமல் இறங்கியவன்
என் கோப்புகளில் ஒருவன்கூட இல்லை.

மூன்று மணிக்குக் கூட்டம் கலைந்தது.
அவள் மட்டும் நின்றாள்,
லெமனேடு தம்ளரில் பனிக்கட்டி கரைந்து போயிருந்தது.
"நான் இழுத்துப் பார்க்கலாமா?"
பார்வையாளர்கள் தொடக் கூடாது என்பது விதி.
முனைவர் ஃபிரீசனைப் பார்த்தேன்.
அவர் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றினாள்.
(அப்படிச் சுற்றக் கூடாது,
அதற்கும் ஒரு துண்டறிக்கை உண்டு.)
குதிகாலை மண்ணில் ஊன்றி இழுத்தாள்.
பல் தெரிய, கழுத்து நரம்பு தெரிய இழுத்தாள்.
முள் ஐம்பத்தொன்றில் நடுங்கி நின்றது.
பொம்மை அசையவில்லை.

"எவ்வளவு வேண்டும்?"
"இந்தப் பொம்மைக்கு, மார்பு வரை என்றால்,
இருநூற்று எழுபது."
"கிலோவா?"
"கிலோதான்."
"மறுபடி சொல்."
சொன்னேன்.

கயிற்றை விடாமலே பேசினாள்.
யாரோஸ்லாவுக்கும் மார்பு வரைதான்.
இரண்டு கையையும் பிடித்திருந்தேன்.
பக்கத்துப் பண்ணையிலிருந்து ஆள் வர நாற்பது நிமிஷம்.
கடைசியில் அவனே சொன்னான், விட்டுவிடு ஓரிசியா, கை வலிக்கும் என்று.
பதினோரு வருஷம்.
மாவு பிசையும்போதெல்லாம்
இந்தக் கையைத்தான் பார்க்கிறேன்.

அழவில்லை.
மணிக்கட்டின் சிவந்த தடத்தைத் தேய்த்துக்கொண்டே
"எழுதிக் கொடு" என்றாள்.
துண்டறிக்கையின் பின்பக்கத்தில் 270 என்று எழுதினேன்.
"என்னுடையதையும்."
கீழே 51.
இரண்டையும் பார்த்தாள்,
கடை ரசீதைச் சரிபார்ப்பவள் போல.
பிறகு பர்ஸில் வைத்து ஸிப்பை இழுத்து மூடினாள்.
குதிரைகளின் பக்கமாய்ப் போனாள்.

மாலையில் பதிவேடு:
மார்பளவு, பத்து முறை, சராசரி.
பதினோராவதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதி
அழித்து
மறுபடி எழுதினேன்.

அடுத்த சந்தைக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர்.
சாலையின் இருபுறமும் கனோலா பூத்து
கண் கூசும் மஞ்சள்.
பின்னால் உடல் இரண்டின் சட்டைக் கையிலிருந்து
விதை உதிர்ந்துகொண்டே வந்தது.
ஃபிரீசன் வண்டி ஓட்டினார்.
பாதி தூரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு சொன்னார்,
"ஒரு பலகை எழுதிவிடு.
இழுக்க விரும்புகிறவர்கள் இழுக்கலாம் என்று."

எத்தனை எழுத்துப் பெரியதாக
என்று கேட்டேன்.