நீர்மட்டம்

சமையலறை மேசைமேல் இரண்டு பேர்,
பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி
அசையாமல்.
மூன்றாமவரால் வர இயலவில்லை:
சுவரோடு பதித்த
பாத்திரம் கழுவும் தொட்டி.

முதலாவது, எதிர்வீட்டு ஹூக்ஸ்ட்ரா கடன் கொடுத்த
நீலப் பிளாஸ்டிக் தொட்டி.
அதில் அவளுடைய மூன்று பிள்ளைகள் குளித்தார்கள்,
பிறகு நாய் குளித்தது,
போன கோடையில் பீர் பாட்டில்கள்.

இரண்டாவது ஒரு வாளி.
குழந்தையை உட்காரவைத்துக் குளிப்பாட்டவென்றே செய்த
வெள்ளை வாளி.
"வாளிக்கு முப்பது யூரோவா?"
அம்மா தொலைபேசியில் மூன்று தடவை கேட்டாள்.

எட்டு நாள் வந்துபோன பேறுகாலப் பணிப்பெண்
வெள்ளிக்கிழமையோடு முடித்துக்கொண்டாள்.
சைக்கிளில் ஏறியபடி சொன்னது இதுதான்:
"எதில் வேண்டுமானாலும் குளிப்பாட்டுங்கள்,
கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்."
அதுவரை ஈரத்துணி.
நேற்றுத்தான் தொப்புளிலிருந்து
திராட்சைக் காம்புபோல ஒன்று உதிர்ந்தது.
அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

தையல் இருப்பதால் எனக்குக் குனிய முடியாது.
நான் நாற்காலியும் அபிப்பிராயமும்.
செய்யவேண்டியவன் வீபே.

வீபே ஹார்லிங்கனில் மதகுக்காரன்.
கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே
பன்னிரண்டு வருடமாகக் கதவு திறக்கிறான்.
எண்பது மீட்டர் சரக்குக் கப்பலை
ஒரு விரலால் ஏற்றுவான், இறக்குவான்.
இன்று ஒரு சாண் தண்ணீரைப் பார்த்து
அவன் பிடரி வியர்க்கிறது.

கழுவுதொட்டியைத்தான் முதலில் யோசித்தோம்.
குழாயின் மூக்கு அவள் உச்சிக்கு நேரே நின்றது.
வீபே அதற்குத் தன் கம்பளிக் காலுறையை மாட்டினான்.
பார்க்கச் சகிக்கவில்லை.
நேற்றைய மீன் வாசனையும் போகவில்லை.

நீலத் தொட்டி.
வெப்பமானி முப்பத்தேழு காட்டியது,
என் முழங்கை அதையே சொன்னது,
சிட்ஸ்கே மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.
முதுகு தண்ணீரைத் தொட்டதும்
இரு கைகளையும் விரித்து எறிந்தாள்,
விழுகிறவள்போல.
அழுகை முதலில் வரவில்லை.
வந்தபோது அவள் ஊதாவாக இருந்தாள்.
தூக்கினான். துவட்டினான்.
தாடையிலிருந்து சொட்டுவது யார் தண்ணீர் என்று
நான் கேட்கவில்லை.

"நாளைக்குப் பார்க்கலாமா?" என்றான்.
அவள் கழுத்து மடிப்பில்
நான்கு நாள் பால் தயிராகியிருந்தது.
"நாளைக்கு வெண்ணெய் திரளும்" என்றேன்.

இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றாகாமல்
கதவைத் திறக்கக்கூடாது.
அவன் வேலையில் முதல் விதி அது.
அன்று மருத்துவமனையில், பத்தொன்பதாவது மணி நேரத்தில்,
கதவுக்குக் காத்திருக்க முடியாதென்று
சுவரைத் திறந்தார்கள்.
அவள் ஒரே இழுப்பில்
வெளிச்சத்துக்கு வந்துவிட்டாள்.
அவன் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாம் நாள், காரை நிறுத்திவிட்டு,
ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு
அந்த விதியைச் சொன்னான்.
நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்றேன்.

இப்போது அவளை மெல்லிய துணியில் சுற்றுகிறான்.
ஒரு கை தாடைக்குக் கீழே, ஒரு கை பிடரியில்.
வாளிக்கு மேலே பிடித்து நிற்கிறான்.
குதிகால். நிறுத்துகிறான்.
முழங்கால். நிறுத்துகிறான்.
சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம்.
அவள் இறங்க இறங்கத்
தண்ணீர் ஏறி வருகிறது,
தோள்வரை.

அழவில்லை.
முழங்காலை மடித்து, முஷ்டியைக் கன்னத்தில் வைத்து
அப்படியே உட்கார்ந்தாள்.
அந்த இருப்பு எனக்குத் தெரியும்,
இடது விலாவுக்குக் கீழே.

ஒன்பது மாதம் நான் முழுகாமல் இருந்தேன்;
முழுகியே இருந்தவள் அவள்.
கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது,
முப்பது யூரோ வாளிமேல்.

ஒரு குமிழி மேலே வந்தது.
நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம்.

வெளியே காற்றில்
ஏதோ கப்பல் கதவு கேட்டு ஊதியது.
இன்று அவன் முறை இல்லை.
ஆனாலும், தலையைத் திருப்பாமல்,
"இரு, இன்னும் மட்டம் வரலை" என்றான்,
யாரிடமோ.